ரிச்சர்ட்சனில் பார்க்க ஒன்றுமில்லையாம்

"உங்க ஊர்ல பாக்க என்ன இருக்கு?" என்று என்னிடம் கேட்காதவர்கள் இல்லை. நியூஜெர்சியிலிருந்து வருகிறவர்கள் கேட்கிறார்கள். கலிபோர்னியாவிலிருந்து வருகிறவர்கள் கேட்கிறார்கள். சென்னையிலிருந்து ஆறு மாதத்துக்கு வரும் பெரியவர்கள், பெட்டியைத் தரையில் வைக்கும் முன்பே கேட்கிறார்கள். ரிச்சர்ட்சன் என்றால் யாருக்கும் தெரியாது. டல்லஸ் பக்கம் என்று சொல்ல வேண்டும். உடனே முகம் மலரும். அப்புறம் என் வீட்டில் படுத்து, என் இட்லியைத் தின்று, என் காரிலேயே ஏறி டல்லஸுக்குப் போய்விடுவார்கள். அங்கே ஒரு ஜனாதிபதியைச் சுட்டுக் கொன்ற தெருவில் நின்று, பல்லைக் காட்டிப் படம் எடுத்துக்கொள்வார்கள். அடுத்த நாள் ஃபோர்ட் வொர்த்துக்குப் போய், நீளக் கொம்பு மாடுகள் தெருவில் நடந்துபோவதை வேடிக்கை பார்ப்பார்கள். தெருவில் மாடு போவதைப் பார்க்கத் தமிழ்நாட்டிலிருந்து இத்தனை தூரம் வர வேண்டுமா என்று நான் ஒருவரையும் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

நான் இங்கே வந்து பதினெட்டு வருஷமாகிறது. தொலைபேசிக் கம்பெனிகளெல்லாம் வரிசையாக நிற்கும் அந்த நெடுஞ்சாலை ஓரத்தில்தான் எனக்கு வேலை. என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். ஏப்ரல் மாதம் வந்து பாருங்கள். சாலை நடுவே இருக்கும் புல்வெளியை வெட்டாமல் விட்டுவிடுவார்கள். நீலமும் மஞ்சளும் சிவப்புமாகக் காட்டுப்பூக்கள் முழங்கால் உயரத்துக்கு நிற்கும். ஓடைக்கரையில் நடைபாதை இருக்கிறது. காலையில் போனால் கொக்கு நிற்கும், ஆமை வெயில் காயும். பல்கலைக்கழக வளாகத்தில் நீளமான நீர்த்தொட்டிகளும் இரண்டு பக்கமும் மரங்களும் இருக்கின்றன. பின்னால் கார் நிறுத்துமிடத்தில் நம் ஊர்ப் பையன்கள் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடுவார்கள். ஈரானிய ரொட்டிக் கடையில் அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டியைச் சூடாகக் காகிதத்தில் சுற்றித் தருவார்கள். சைனா டவுன் இருக்கிறது. நூலகம் இருக்கிறது. நூலகத்தில் தமிழ்ப் புத்தகங்கள்கூட நாலு இருக்கின்றன. அதில் மூன்று நான் கொடுத்தவை. வேறென்ன வேண்டும் ஒரு மனுஷருக்கு?

இதெல்லாம் பொதுவான கோபம். நான் சொல்ல வந்தது என் தங்கை விஷயம்.

தங்கை எனக்குப் பதினோரு வயது இளையவள். சான்டா கிளாராவில் இரண்டு படுக்கையறை அபார்ட்மென்டில் புருஷனும் இரண்டு வயதுப் பெண்ணுமாக இருந்தாள். போன வருஷம் அவள் வீட்டுக்காரருக்கு, எங்கள் வீட்டு மாப்பிள்ளைக்கு, ரிச்சர்ட்சனிலேயே ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. சேருவதா வேண்டாமா என்று முடிவு பண்ண அவகாசம் கேட்டிருந்தார். ஏப்ரலில் ஒரு வார இறுதிக்கு வந்து ஊரைப் பார்த்துவிட்டுச் சொல்வதாகப் பேச்சு.

இந்த நாட்டில் எனக்குப் பிறந்த வீட்டுச் சொந்தம் என்று இருப்பது அவள் ஒருத்திதான். இத்தனை வருஷமாக நாங்கள் இரண்டு பேரும் இரண்டு மணி நேர வித்தியாசத்தில் போனிலேயே குடும்பம் நடத்தினோம். அவளுக்குப் பிரசவமானபோது நான் ஆறு வாரம் லீவு போட்டுப் போய் இருந்துவிட்டு வந்தேன். திரும்பி வந்த அன்று விமானத்தில் பக்கத்து சீட்டுக்காரர் தண்ணீர் வாங்கிக் கொடுக்கிற அளவுக்கு அழுதேன். அவள் என் ஊருக்கே வந்துவிட்டால் ரசம் வைத்து ஒரு டப்பாவில் ஊற்றி, நடந்தே போய்க் கொடுத்துவிட்டு வரலாம். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்கு மேல் நான் எதற்கும் ஆசைப்படவில்லை.

ஆகவே கொஞ்சம் ஏற்பாடு செய்தேன். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு வீடு விற்பனைக்கு வந்திருந்தது. கிழக்கு பார்த்த வாசல். இந்தப் பக்கத்தில் கிழக்கு பார்த்த வீடு வந்தால் இரண்டு நாள் நிற்காது, நம்மவர்கள் பாய்ந்துவிடுவார்கள். நான் வீட்டு ஏஜென்டிடம் பேசி, சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்குக் கதவைத் திறந்து காட்டச் சொன்னேன். குழந்தைக்கு டேகேர் பார்த்து வைத்தேன். அதை நடத்தும் ஆன்ட்டி எனக்குத் தெரிந்தவர். ஓர் இடம் பிடித்து வைத்திருப்பதாகச் சொன்னார். சனிக்கிழமை சாயந்திரம் தெரிந்த குடும்பங்களை வீட்டுக்குக் கூப்பிட்டேன், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரச் சொல்லி. புது ஊரில் நாலு முகம் தெரிந்திருந்தால் நல்லதுதானே.

இதில் எதையும் தங்கையிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. வந்து பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் வந்தார்கள். குழந்தை விமானத்திலேயே வாந்தி எடுத்திருந்தது. தங்கை களைத்துப்போயிருந்தாள். சாப்பாட்டு மேஜையில் மாப்பிள்ளை போனை எடுத்து, ஊரைப் பற்றித் தேடிப் பார்த்ததாகச் சொன்னார். நல்ல மனுஷர், அதிர்ந்து பேசமாட்டார். அன்றைக்கு என்னவோ வாய் நீண்டிருந்தது.

"அக்கா, ரிச்சர்ட்சன்ல பாக்க வேண்டிய பத்து இடம்னு ஒண்ணு போட்டிருக்கான். அதுல எட்டு டல்லஸ்ல இருக்கு."

என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். நான் அவரைப் பார்த்த பார்வையில் சிரிப்பை வத்தக்குழம்போடு சேர்த்து விழுங்கினார். மீதி இரண்டு எவை என்று மாப்பிள்ளையைக் கேட்டேன். ஒன்று நாடக அரங்கம், இன்னொன்று ஃபர்னிச்சர் கடை என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்றைக்கும் இங்கே வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்திராத எவனோ எழுதியதை வைத்துக்கொண்டு, பதினெட்டு வருஷம் இருந்தவளிடம் ஊரைப் பற்றிச் சொல்கிறார். நாளைக்குக் காட்டுகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

காலை ஏழு மணிக்கு எல்லோரையும் எழுப்பிவிட்டேன். என் பெண் பதினாறு வயசுக்காரி, இங்கேயே பிறந்தவள். மாடிப்படியில் தலையை நீட்டி, "அம்மா, ஜஸ்ட் லெட் தெம் ஸ்லீப்," என்றாள். பூக்களை வெயில் ஏறும் முன் பார்க்க வேண்டும். இந்த விவரமெல்லாம் அவளுக்கு எங்கே தெரியப்போகிறது?

பூக்கள் அன்றைக்கு என் மானத்தைக் காப்பாற்றின. குழந்தையை நீலப்பூக்களுக்கு நடுவில் உட்காரவைத்துப் படம் எடுத்தோம். அதற்கும் தும்மல் வரும்வரை சந்தோஷம்தான். ஓடைக்கரையில் ஆமை காட்டினேன். பல்கலைக்கழகத்தில் மாப்பிள்ளை நீர்த்தொட்டி ஓரமாக ரொம்ப நேரம் நின்றார். கிரிக்கெட் ஆடும் பையன்களிடம் பேச்சுக் கொடுத்து இரண்டு பந்துகூடப் போட்டார். சரி, வழிக்கு வருகிறார் என்று நினைத்தேன். ரொட்டிக் கடையில் சூடான ரொட்டியைப் பிய்த்துக் காரிலேயே தின்றார். நூலகத்தில் குழந்தை தரையில் உட்கார்ந்து எழுந்திருக்க மறுத்தது.

ஆனால் காரில் ஏறும்போதெல்லாம் மாப்பிள்ளை ஏதாவது ஒன்று சொன்னார். எல்லாம் ரொம்பச் சமதளமாக இருக்கிறதே, ஒரு மலைகூட இல்லையே என்றார். கடல் எத்தனை தூரம் என்று கேட்டார். நாலரை மணி நேரம் என்றேன். அங்கே அரை மணியில் போய்விடுவோம் என்றார். சான்டா கிளாராவில் இருந்த வருஷங்களில் இவர்கள் எத்தனை தடவை கடற்கரைக்குப் போனார்கள் என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமை துணி துவைப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை மளிகைக் கடைக்குப் போவார்கள். கடல் பக்கத்தில் இருக்கிறது என்ற நினைப்புக்கே அங்கே வாடகை கொடுக்கிறார்கள். தங்கைக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவளோ பின்சீட்டில் குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

டேகேரில் இறக்கியபோதுதான் தங்கை முதல் தடவையாக வாயைத் திறந்தாள். இது எதுக்குக்கா இப்ப என்றாள். சும்மா பார்த்து வைக்கலாம் என்றேன். அந்த ஆன்ட்டி குழந்தையின் பெயரை ஏற்கெனவே கதவில் ஒட்டியிருந்தார். வண்ணத்தாளில் ஒரு யானைப் படத்தோடு. எவ்வளவு அன்பு பாருங்கள். தங்கை அந்தப் பெயரைப் பார்த்தபடி நின்றாள்.

ஒரு மணிக்குக் கிழக்கு பார்த்த வீட்டு வாசலில் ஏஜென்ட் காத்திருந்தார். நான் உள்ளே போய், எந்த அறை குழந்தைக்கு, எங்கே பூஜை அலமாரி, சமையலறையில் எந்தச் சுவரை இடிக்கலாம் என்று காட்டினேன். பின்வாசலில் நின்றால் எங்கள் வீட்டுக் கூரையின் ஓரம் தெரியும். அதையும் காட்டினேன். மாப்பிள்ளை தங்கையைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, வீடு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஊர் கொஞ்சம் டல் அடிக்கிறது, யோசிக்க வேண்டும் என்றார்.

டல் அடிக்கிறதாம். அவர் தின்ற ரொட்டியின் துணுக்கு இன்னும் சட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

சாயந்திரம் விருந்தில் நிலைமை இன்னும் மோசம். வந்தவர்கள் எல்லோரும் தங்கையைப் பிடித்துக்கொண்டு எப்போது ஷிஃப்ட் ஆகப்போகிறீர்கள் என்று கேட்டார்கள். வீடு பார்த்தாச்சாமே என்றார்கள். டேகேர் கிடைச்சாச்சாமே என்றார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, சொன்னது நான்தான். அத்தனை பேருக்கும் மாப்பிள்ளை ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தார். இங்கே பொழுது போக ஒன்றும் இல்லையே, அதுதான் யோசனை என்று. இந்த ஊரில் வீடு வாங்கி, பிள்ளை வளர்த்து, காலம் தள்ளிக்கொண்டிருக்கிறவர்கள் கொண்டுவந்த புளியோதரையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படிச் சொன்னார். எனக்கு அவமானத்தில் காது சுட்டது. என் தங்கை என் ஊருக்கு வராமல் போவதற்கு இந்த ஒரு மனுஷர்தான் காரணம் என்று அன்றைக்கு ராத்திரி முழுக்கப் பொருமிக்கொண்டு படுத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாப்பிள்ளை குழந்தையை ஸ்ட்ரோலரில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடைப்பக்கம் போனார். மதியம் விமானம். சமையலறையில் நானும் தங்கையும் மட்டும் இருந்தோம். அவள் வழிக்கு இட்லி கட்டிக்கொண்டிருந்தாள். நான் ஆரம்பித்தேன். அடக்கி வைத்ததெல்லாம் பொத்துக்கொண்டு வந்தது. உன் வீட்டுக்காரருக்கு மலை வேண்டுமாம், கடல் வேண்டுமாம், இந்த வீட்டுக்கு வந்து என் ஊரையே மட்டம் தட்டுகிறார், வந்தவர்கள் முன்னால் என் மூஞ்சியில் கரியைப் பூசினார், உனக்குக் கூடப்பிறந்தவள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற நினைப்பு கொஞ்சமாவது அவருக்கு இருக்கிறதா என்று கேட்டேன்.

தங்கை இட்லியைக் கீழே வைத்துவிட்டு, குழாயில் கையைக் கழுவினாள்.

"அவர ஒண்ணும் சொல்லாத அக்கா. அவருக்கு இந்த ஊர் ரொம்பப் புடிச்சிருக்கு. நேத்து காலேஜ்ல நிக்கும்போதே வந்துடலாம்னு சொல்லிட்டாரு. ஊர் புடிக்கலன்னு சொல்லுங்கன்னு கிளம்பும்போதே நான்தான் சொல்லி வெச்சேன்."

எனக்குப் புரியவில்லை. அப்படியானால் உனக்கு ஊர் பிடிக்கவில்லையா என்று கேட்டேன். என் ஊரைப் பற்றி எனக்கு இருந்த கவலை எனக்கு.

"ஊர்ல ஒரு குறையும் இல்லக்கா. ஆனா இங்க எந்தத் தெருவுல திரும்பினாலும் நீ நிப்ப."

அதுவரை மாப்பிள்ளை மேல் வைத்திருந்த கோபமெல்லாம் போக இடம் தெரியாமல் நெஞ்சிலேயே நின்றது. நின்றது என்று சொல்கிறேன், தணிந்தது என்று சொல்லவில்லை. நான் என்ன அவளுக்குக் கெடுதலா செய்தேன் என்று கேட்டேன். நீ எந்தக் காலேஜில் சேர வேண்டும் என்று அலைந்தது யார், உன் விசாவுக்கு வக்கீல் பார்த்தது யார், உன் கல்யாணத்துக்கு இங்கிருந்தே எல்லாம் ஏற்பாடு பண்ணியது யார் என்று கேட்டேன். கேட்கக் கேட்க என் பக்கம்தான் நியாயம் கூடிக்கொண்டே போனது.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கல்யாணப் புடவையைப் பற்றிச் சொன்னாள். காஞ்சிபுரத்தில் கடைக்குள் அம்மா போனைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் இங்கிருந்து வீடியோவில் பார்த்தேன். தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு, கடைக்காரரைப் படுத்தி, அலமாரி அலமாரியாக இறக்கவைத்து, கடைசியில் அரக்குக் கலரில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். பார்த்தவர்கள் எல்லோரும் அந்தப் புடவையைப் புகழ்ந்தார்கள்.

"நல்ல புடவைதான். நானும் நல்லாருக்குன்னுதான் சொன்னேன். ஆனா அன்னிக்கு அந்தக் கடையில யாரும் ஒரு தடவகூட போன என் பக்கம் திருப்பலக்கா."

நான் பதில் சொல்ல வாயெடுத்தபோது வாசல் கதவு திறந்தது. மாப்பிள்ளை உள்ளே வந்தார். ஓடையில் கொக்கு ஒன்று மீன் பிடித்ததைப் பார்த்ததாக முகம் முழுக்கச் சிரிப்போடு சொல்லப்போய், எங்கள் இரண்டு பேரையும் பார்த்து அப்படியே நிறுத்திக்கொண்டார். பாவம், அவருக்குக் கொடுத்திருந்த வேஷம் அவருக்கு ஒட்டவேயில்லை.

விமான நிலையத்தில் தங்கை என்னைக் கட்டிக்கொண்டாள். நான் விறைப்பாக நின்றேன். எனக்கு நடிக்க வராது.

அவர்கள் வரவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். வந்தார்கள். மாப்பிள்ளை அதே கம்பெனியில்தான் சேர்ந்தார். ஆனால் வீடு எடுத்தது மேற்கே, ஒரு மணி நேரத் தொலைவில், நான் பெயரே கேள்விப்பட்டிராத ஒரு ஊரில். அங்கே என்ன இருக்கிறது என்று கேளுங்கள். புதிதாகப் போட்ட தெருக்கள், எல்லாம் ஒரே மாதிரி வீடுகள், என் கை விரலைவிடக் கொஞ்சம் பருத்த மரங்கள். ஒரு பூ கிடையாது, ஒரு ரொட்டிக் கடை கிடையாது. மாப்பிள்ளை தினமும் காலையிலும் சாயந்திரமும் டிராஃபிக்கில் இடுப்பொடிய உட்கார்ந்து என் ஊருக்கு வேலைக்கு வந்து போகிறார். மதியம் சைனா டவுனில் நூடுல்ஸ் சாப்பிடுகிறார். பூக்கள் வந்தவுடன் முதலில் படம் எடுத்து எனக்கு அனுப்புகிறவர் அவர்தான். ரிச்சர்ட்சன் மாதிரி வருமா அக்கா என்று கூடவே எழுதுகிறார். யாரிடம் போய் இதையெல்லாம் சொல்லி அழுவது?

தங்கை ஞாயிற்றுக்கிழமைகளில் போன் பண்ணுவாள். வா அக்கா என்றால் போகிறேன். கூப்பிடாவிட்டால் போவதில்லை. அப்படி ஒரு ஒப்பந்தம் நாங்கள் பேசி வைக்கவில்லை, தானாகவே வந்துவிட்டது. போனால் அவளே சமைக்கிறாள். நான் எழுந்தால் உட்காரச் சொல்கிறாள். சாம்பாரில் உப்பு கம்மி. சொல்வதில்லை.

போன மாதம் குழந்தைக்கு நல்ல காய்ச்சல். மாப்பிள்ளை ஆபீஸ் வேலையாக வெளியூர் போயிருந்தார். தங்கை பக்கத்து வீட்டு ஆன்ட்டியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய், காத்திருந்து, மருந்து வாங்கித் திரும்பியிருக்கிறாள். எனக்கு இது இரண்டு நாள் கழித்து, என் பெண் வழியாகத் தெரியவந்தது. என் பெண்ணுக்குச் சொல்லத் தெரிந்தவளுக்கு எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வந்த ஆத்திரத்தில் உடனே போன் பண்ணினேன். எவளோ ஒரு ஆன்ட்டி, அவள் பாஷைகூட உனக்குத் தெரியாது, அவளைக் கூப்பிடத் தோன்றியது, ஒரு மணி நேரத்தில் கூடப் பிறந்தவள் இருக்கிறேன், என்னைக் கூப்பிடத் தோன்றவில்லையா என்று சத்தம் போட்டேன்.

"கூப்பிட்டா நீ வந்துடுவியே அக்கா," என்றாள்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆமாம், வந்திருப்பேன். அந்த நிமிஷமே கிளம்பியிருப்பேன். குழந்தைக்குக் கஷாயம் வைத்து, துணியெல்லாம் துவைத்து, நாலு நாள் இருந்து, அவள் வீட்டு அலமாரியை ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டு வந்திருப்பேன். இதில் ஒன்றாவது தப்பா? கேட்டேவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"குழந்தைக்கு இப்ப நல்லாயிடுச்சு. கார் சாவியக் கீழ வை அக்கா."

பார்த்தால் சாவி என் கையில்தான் இருந்தது. எப்போது எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. ஒரு மணி நேரத் தொலைவில் இருப்பவளுக்கு அது எப்படித் தெரிந்தது என்று எனக்கு மேலும் கோபம் வந்தது. கீழே வைத்தேன்.